ஐந்தாம் துண்டு

அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வியர்வையைத் துடைக்கும்போதுதான் மந்திரமூர்த்திக்கு மகளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, எங்க பேராசிரியர் அம்மாவும் நானும் மத்தியானம் காட்டுக்கு வாரோம். அஞ்சாம் துண்டப் பாக்கத்தான் வாராவ. வெட்டாம நிக்கது அது ஒண்ணுதானப்பா?"

மந்திரமூர்த்தி ஐந்தாம் துண்டைப் பார்த்தார். கடைசி மரம் இப்போதுதான் சாய்ந்திருந்தது.

மகள் சுடலைச்செல்வி, வேலிக்கருவை என்கிற சீமைக்கருவேல மரத்தை ஒழிக்கும் வழியைப் பற்றி டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். நாகலாபுரத்துக்குப் பக்கத்தில், அவருடைய மானாவாரிக் கரிசல் காட்டில்தான் மூன்று வருஷமாக ஆராய்ச்சி. காட்டை ஐந்து துண்டாக்கி, ஒன்றில் வேரோடு தோண்டினாள். ஒன்றில் வெட்டிய கட்டைக்கு மருந்து தடவினாள். ஒன்றில் பட்டையை உரித்தாள், ஒன்றில் தூரைத் தீயால் சுட்டாள். ஐந்தாவதை மட்டும், "தொடாதீயப்பா" என்று விட்டுவிட்டாள். அப்பாவுக்கு முள் குத்திவிடுமே என்று பிள்ளை பதறுகிறாள் என்றே அவர் எடுத்துக்கொண்டார். அதையும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தார்.

நேற்று டீக்கடையில் மைத்துனன் சங்கரபாண்டியன் வாயைத் திறந்தான்.

"ஏன் அத்தான், டாக்டரம்மா நாலு பேர முடிச்சிட்டு ஒருத்தன மட்டும் பொழைக்க வச்சிட்டாளே?"

கடையே சிரித்தது. பிள்ளைக்கு முடியாததை நாம் முடித்துவைப்போம் என்று விடியுமுன் அரிவாளோடு கிளம்பியவர்தான்.

இப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்டாததை வைத்துத்தானே மற்ற நாலையும் ஒப்பிடுவார்கள்? மூன்று வருஷப் படிப்பையும் ஒரே காலையில் வெட்டிச் சாய்த்துவிட்டாரே.

கோடைக்குக் கரிசல், கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. வெட்டிய மரங்களைத் தூக்கி வெடிப்புகளில் சொருகினார். தூரத்திலிருந்து பார்த்தால் காடேதான். ஒரு மணி நேர வெயிலில் இலையெல்லாம் தொங்கிப்போனது. உயிர் வரட்டும் என்று மணிராஜின் தண்ணீர் லாரியை வரவழைத்துப் பாய்ச்சினார். கரிசல் உப்பிக் குழைந்தது. மரங்கள் பஸ்ஸில் தூங்குகிறவர்களைப் போல ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தன. காய்கள் உதிர்ந்தன. பக்கத்துக் காட்டுப் பேச்சித்தாயின் ஆடுகள் காய் வாசத்துக்கு நாற்பதும் வந்து இறங்கின. விரட்ட ஓடிய மந்திரமூர்த்தியின் கால் முழங்கால் வரைக்கும் சேற்றில் மாட்டிக்கொண்டது.

ஜீப் வந்து நின்றது அந்த நேரத்தில்தான்.

நின்ற இடத்திலிருந்தே கும்பிட்டார். "அம்மா, குத்தம் பூரா என்னுது. எம்புள்ள மூணு வருசமா வெயில்ல வெந்து படிச்சிருக்கா. அவ பட்டத்துல மட்டும் கை வச்சிராதீய."

பேராசிரியர் கல்யாணசுந்தரி குனிந்து வெட்டுக்கட்டைகளைப் பார்த்தார். சுடலைச்செல்வி உதட்டைக் கடித்துக்கொண்டு நோட்டை விரித்தாள்.

"எப்பப்பா வெட்டுனீய?"

"இன்னிக்குத்தான், தாயி."

"எதுக்கு?"

"ஊர்ல சிரிச்சானுவ. தாங்கல."

அவள் இரண்டையும் எழுதிக்கொண்டாள். பேராசிரியர் அவளுக்குக் கை கொடுத்தார்.

மந்திரமூர்த்தி ஒன்றும் விளங்காமல் விழிக்க, ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த பேச்சித்தாய்க்கு மனசு கேட்கவில்லை.

"நெசமான வெட்டாத துண்டு எங்க காட்டுல பத்திரமா நிக்கி அண்ணாச்சி, இந்த அஞ்சாம் துண்டு, ஊர்ப் பேச்சுக்கு வெள்ளாம பாக்குற ஒரு சம்சாரி எத்தன நாள் வெட்டாமத் தாங்குவாவன்னு பாக்க வச்சது, ஆறு மாசந்தான் தாங்குவாவன்னு எழுதிக் குடுத்துட்டு உங்க மக மூணு வருசமா காத்துக் கெடக்கா."