சாமிக்கு மட்டும் பன்னீர் இல்லை

விசேஷ வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்கும் வேலையை யாரும் விரும்பிச் செய்வதில்லை. இதை நான் அடித்துச் சொல்வேன். வீட்டில் கல்யாணமாகாத பெண் இருந்தால் போதும், செம்பை அவள் கையில் திணித்துவிடுவார்கள். வருகிறவர்கள்மேல் தெளிக்க வேண்டும், ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரிக்க வேண்டும், "நீதான் சின்னவளா, என்ன படிக்கிற?" என்ற ஒரே கேள்விக்கு நூறு முறை பதில் சொல்ல வேண்டும். (அறுபதாவது ஆள் வரும்போதே கன்னம் மரத்துப் போயிருக்கும்.)

எறையூரில் எங்கள் வீட்டில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம் வைத்தபோது நான் பெரம்பலூரில் பாலிடெக்னிக் கடைசி வருஷம், எலக்ட்ரானிக்ஸ். ஊரில் நாலு பேரிடம் மட்டும் செல்போன் இருந்த காலம். எனக்கோ உலகத்தையே ரிலே சுவிட்ச் வைத்து ஓட்டிவிடலாம் என்ற நினைப்பு.

"ஒம்பது மணிக்கெல்லாம் செம்பத் தூக்கிட்டு வாசல்ல நின்னுடணும்" என்றாள் அம்மா.

"ஆளே நிக்க வேணாம்மா. யாராச்சும் வந்தா தானாத் தெளிக்கிற மாதிரி நான் செஞ்சு தரேன்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். கரும்பு போட்டு என்னைப் படிக்கவைத்த அப்பா, "புள்ள படிச்சிருக்குல்ல, செய்யட்டும்" என்றார். பாவம், அவருக்கு என் மார்க் ஷீட்டை நான் முழுதாகக் காட்டியதில்லை.

விஷயம் எளிமையானது. ஒரு குட்டி விளக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒளியை எந்நேரமும் விட்டுக்கொண்டிருக்கும். எதிரே ஆள் வந்தால் அந்த ஒளி அவர்மேல் பட்டுத் திரும்பும். விளக்குக்குப் பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு குட்டிக் கண், திரும்பிய ஒளியைப் பார்த்ததும் ரிலேயைத் தட்டும். ரிலே மோட்டாரைப் போடும். மோட்டார், பாடாலூரில் பழைய வண்டி உடைக்கும் கடையில் வாங்கியது. கார் கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சுவது. எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பாவில் அடைத்து ஜிகினாத்தாள் ஒட்டி, வாசலில் கட்டிய வாழைமரத்தை ஒட்டி நெஞ்சு உயரத்தில் வைத்தேன். டிராக்டர் பேட்டரி மறைவாக ஒரு பக்கம், இரண்டு லிட்டர் பன்னீர் கேன் ஒரு பக்கம்.

அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் பதினைந்து முறை வாசலைக் கடந்து பார்த்தார். பதினைந்து முறையும் 'டக்' என்று சத்தம், 'புஸ்' என்று பன்னீர்.

மறுநாள் உடையார்பாளையத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவராக நுழைய நுழைய, புஸ், புஸ். "இந்தப் புள்ள செஞ்சதாம்ல" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். அவ்வளவு திமிராக அதற்கு முன்னும் நின்றதில்லை, பின்னும் நின்றதில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. தட்டு மாற்ற வேண்டியவர் இவர்தான். இவர் முகம் கோணினால் நிச்சயமே கோணிவிடும். கார்த்திகை மாசம், சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, கறுப்புத் துண்டு. கம்பீரமாக நுழைந்தார்.

டப்பா மூச்சு விடவில்லை.

இரண்டடி வைத்தவர் நின்று திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் வந்த டிரைவருக்கு, புஸ்.

"எல்லாருக்கும் தெளிக்குது. எனக்கு மட்டும் இல்லீங்களா?"

அப்பா பதறிப்போனார். "ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க சாமி. அது மிஷினுங்க. ஒரே ஒரு தடவ வெளிய போயிட்டு உள்ள வாங்க சாமி."

சம்பந்தம் பேச வந்தவரை வாசலுக்கு வெளியே அனுப்பியவர்கள் அனேகமாக நாங்கள் மட்டும்தான். அவரும் போய்விட்டு வந்தார். டப்பா அசையவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளை அந்த ஒளியைத் திருப்பி அனுப்பும். இவர் உடுத்தியிருந்த கறுப்பு அதை அப்படியே விழுங்கிவிட்டது. என் டப்பாவைப் பொறுத்தவரை வாசலில் ஆளே இல்லை. (இதை நான் பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன்.) ஓடிப்போய் ஸ்குரூ டிரைவரால் டப்பாவில் இருந்த திருகாணியைக் கடைசிவரை திருப்பி, கண்ணின் கூர்மையைக் கூட்டினேன். டப்பா இப்போது தூரத்தில் இருப்பதையும் பார்க்க ஆரம்பித்தது. முதலில் பார்த்தது வாழை இலையை. பச்சை இலை அந்த ஒளியை அருமையாகத் திருப்பி அனுப்புமாம். அது எனக்கு அப்போது தெரியாது. காற்றில் இலை அசைந்தது, புஸ். மறுபடி அசைந்தது, புஸ்.

மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வாழமரத்துக்கு இருக்குற மரியாத கூட எனக்கு இல்லீங்களா?"

சொல்லிக்கொண்டே குனிந்து டப்பாவை உற்றுப் பார்த்தார். அந்த நேரம் நனைந்து கனத்துப்போன இலை டப்பாவின்மேல் சாய்ந்து ஒட்டிக்கொண்டது. மோட்டார் நிற்கவே இல்லை. நான் பாய்ந்து ஒயரைப் பிடுங்குவதற்குள் முக்கால் கேன் பன்னீர் அவர் முகத்தில். விபூதியும் சந்தனமும் கரைந்து தாடியில் வழிந்தன.

 உள்ளே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா என்னையே பார்த்தாள். என்னால் அவள் கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன்.

மாமா துண்டால் முகத்தை நிதானமாகத் துடைத்தார்.

"மாலை போட்டிருக்கேன். இப்பக் கோவப்படக் கூடாது. கழட்டுனதுக்கு அப்புறம் வந்து பேசிக்கிறேன்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "வூட்ல செம்பு இருக்குதா பாப்பா?"

அடுத்த நொடி என் கையில் பன்னீர்ச் செம்பு இருந்தது. அம்மா அதைக் காலையிலேயே நிரப்பிக் கதவுக்குப் பின்னால் தயாராக வைத்திருந்தாள். (என் படிப்பின்மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவு.) சொட்டச் சொட்ட நின்றவர்மேல் மூன்று துளி தெளித்தேன்.

"ம், இப்பத்தான் என்னைய வரவேத்த மாதிரி இருக்கு" என்று உள்ளே போனார். தட்டு மாற்றும்போது வெற்றிலைமேல் அவர் தாடியிலிருந்து பன்னீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தை மாசம் கல்யாணத்துக்கு வெள்ளை வேட்டியில் வந்தார். கோபம் எதையும் கொண்டுவரவில்லை. ஆனால் மண்டப வாசலில் நின்று, "அந்தப் பாப்பாவக் கூப்புடுங்க, அது தெளிச்சாத்தான் உள்ள வருவேன்" என்றார். அன்றைக்குக் கைக்கு வந்த செம்புதான், இன்னும் இறங்கவில்லை. கல்யாணமாகாத பெண்தான் நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை எனக்காக மட்டும் தளர்த்திவிட்டார்கள். நாற்பதைத் தாண்டி, இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகும், உறவில் எந்த விசேஷம் என்றாலும் நான் மண்டபத்தில் நுழைந்ததும், "மிஷின் வந்துடுச்சு, செம்பக் குடுங்க" என்கிறார்கள்.

மாமாவுக்கு இப்போது வயது எண்பதை நெருங்குகிறது. போன மாதம் ஒரு வளைகாப்பில் என் எதிரே வந்து நின்று, இரண்டு கையையும் விரித்து, முன்னும் பின்னும் மெதுவாகத் திரும்பிக் காட்டினார்.

"நல்லாப் பாத்துக்க பாப்பா. வெள்ளதான் கட்டியிருக்கேன். தெளி."