ராஜா வம்சத்துச் சம்பந்தி தாழிக்குள் குதித்த விவரம்

எகினா தீவில், படகுத்துறைக்குப் பின்தெருவில் குடியிருக்கும் என் அருமை அக்கா ஆர்கிப்பேக்கு, ஏதென்ஸ் குயவர் பேட்டையிலிருந்து தம்பி தெல்லியாஸ் வணங்கி எழுதிக்கொள்வது. சியூஸ் புண்ணியத்தில் இங்கே நானும் என் வீட்டுக்காரி ஹெதிலேயும் மகள் மெலிட்டாவும் சூளையும் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும் அத்தானின் முட்டிவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆசை. ஆடு குட்டி போட்டதா? போட்டிருந்தால் சந்தோஷம். போடாவிட்டாலும் தெய்வ சித்தம்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ கல்யாணத்துக்குப் படகு ஏற வேண்டாம். மெலிட்டாவின் கல்யாணம் நின்றுவிட்டது. ஏற்கெனவே ஏறிவிட்டாய் என்றால் இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்கப் போவதில்லை, அப்போது நேரில் வந்தே என்னைத் திட்டிக்கொள்.

நீ பார்த்துச் சொன்ன இடம் என்பதற்காக உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஒரே ஒரு வருத்தம்தான் உண்டு. பையன் எவாகோன் தங்கமானவன் என்றாய், சரி. அப்பா அர்க்கியாஸ் தோல் வியாபாரி என்றாய், அதுவும் சரி, அவர் தெருமுனை திரும்பும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது. அம்மா லைசில்லா வாய் திறக்க மாட்டாள் என்றாய், நிச்சயத்தன்று அந்த அம்மாள் தும்மக்கூட இல்லை. எல்லாம் சொன்னவள், அவர்கள் என்ன வம்சம் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? எள்ளுருண்டையை வாயில் போட்டுக்கொண்டே அர்க்கியாஸ் சொன்னார்: "நாங்க லேசுப்பட்ட குடும்பம் இல்லீங்க. நேரா யூரிஸ்தியஸ் ராஜா வம்சம். அந்த ஹெராக்ளிஸையே பன்னெண்டு வேலை வாங்கினவரு எங்க பாட்டன்!"

எனக்கு எள்ளுருண்டை தொண்டையிலேயே நின்றுவிட்டது. பேட்டையில் உன் தம்பியை யாராவது வெறும் தெல்லியாஸ் என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாயா? 'ஜாடி தெல்லியாஸ்' என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகக் கிண்ணமோ குடமோ எது கையில் வந்தாலும் நான் வரைவது ஒரே படம். உயிரோடு பிடித்து வா என்று ராஜா ஏவிய காட்டுப்பன்றியை ஹெராக்ளிஸ் அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். ஏவிய ராஜாவோ பயத்தில் ஜாடிக்குள் குதித்து, தலையையும் இரண்டு கைகளையும் மட்டும் வெளியே நீட்டி அலறுவார். அந்த ராஜாதான் யூரிஸ்தியஸ். அதைப் பார்த்துச் சிரிக்காத குடிகாரன் இந்த ஊரில் இல்லை.

"நீங்க என்ன வரைவீங்க சம்பந்தி?" என்று அர்க்கியாஸ் கேட்டார்.

"ஆந்தை," என்றேன்.

"ஆந்தை மட்டுமா?"

"சில சமயம் ரெண்டு ஆந்தை."

ஹெதிலே என் தொடையில் கிள்ளிய இடம் இன்னும் நீலமாக இருக்கிறது. அன்று பொழுது சாயுமுன் பட்டறையில் இருந்த ஜாடி ராஜாக்கள் அத்தனை பேரையும் வைக்கோலில் சுற்றிப் பக்கத்துச் சூளைக்காரன் பாக்கிஸ் வீட்டில் ஒளித்து வைத்தேன். அத்தோடு போயிற்றா? கல்யாணத்துக்கு மது கலக்கும் பெரிய பாத்திரத்தை நானே வனைந்து, அதில் அவர்களுடைய பாட்டன் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பது போலவும் ஹெராக்ளிஸ் காலில் விழுவது போலவும் வரைந்து தரவேண்டும் என்று அர்க்கியாஸ் ஆள் அனுப்பினார். பெண்ணைக் கொடுக்கிறவன் என்ன செய்வேன்? வரைய உட்கார்ந்தேன். மனசு சிம்மாசனம் என்றாலும் கை கேட்க வேண்டுமே! ஹெதிலே வந்து எட்டிப் பார்த்து, "ஏங்க, ராஜா என்ன ஜாடி மேல குந்தியிருக்காரு?" என்றாள். சுரண்டிவிட்டு மறுபடி வரைந்தேன். சூளையில் வைத்ததும் பாத்திரம் சிம்மாசனத்துக்குக் குறுக்கே சரியாக விரிசல் விட்டுவிட்டது. பாக்கிஸ் கையைப் பிசைந்தான். "யோவ் ஜாடி, யாரைக் கால்ல விழ வெச்சிருக்கே? அவரு இப்ப ஒலிம்பஸ்ல சாமிய்யா! மனுசனா இருந்தப்பவே பொசுக்குனு கோவம் வரும்!" ஹெராக்ளிஸுக்கு ஒரு சேவலை வேண்டிக்கொண்டு, இரண்டாவது பாத்திரத்தில் அவரை முழங்காலிடாமல் லேசாகக் குனிய மட்டும் வைத்தேன். ஏதோ கீழே விழுந்ததைத் தேடுகிறவர் போல இருந்தார். ஆனால் பாத்திரம் விரிசல் விடவில்லை.

முந்தாநாள் காலையில் பாத்திரத்தைப் பார்வையிடவும் கல்யாணத்துக்கு முன் கொடுக்கவேண்டிய பலியைக் கொடுக்கவும் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். பலிக்கு ஒரு சின்னப் பன்றிக்குட்டி போதும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அர்க்கியாஸ் ராஜா வம்சம் அல்லவா, கொம்பு முளைக்காத குறையாக ஒரு கிடாப்பன்றியைத் தாமே கயிற்றில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்று, "எங்க வம்சத்துக்கும் பன்றிக்கும் ரொம்ப நாள் பழக்கம்," என்று வேறு சொன்னார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். உள்ளே வந்து பாத்திரத்தைச் சுற்றிப் பார்த்து, பாட்டன் முகம் தம் ஜாடையில் இருப்பதாகச் சந்தோஷப்பட்டு, இரண்டு கைகளையும் விரித்து, "பேஷ்!" என்றார் பார், அங்கேதான் வந்தது வினை. கைகளை விரித்தவர் கயிற்றை விட்டுவிட்டார்.

பன்றி முதலில் பூமாலையைத் தின்றது. பிறகு பலிக்கு வைத்திருந்த பார்லி அரிசியைத் தின்றது. பிறகு தலையைத் தூக்கி அர்க்கியாஸைப் பார்த்தது. அத்தனை பெரிய முற்றத்தில் ஓடுவதற்கு எத்தனை வழி இருக்கிறது அக்கா! கதவு இருக்கிறது, ஏணி இருக்கிறது, பாக்கிஸ் வீட்டுச் சுவர் இருக்கிறது. மனிதர் நேராகப் போய், நான் களிமண் கரைத்து ஊற வைத்திருந்த பெரிய தாழிக்குள் தொப்பென்று குதித்துவிட்டார்! தலையும் இரண்டு கைகளும்தான் வெளியே. "ஐயோ! எடுங்க! அதை எடுத்துட்டுப் போங்க!" என்று அலறுகிறார்.

இருபத்திரண்டு வருஷமாக மனசில் மட்டுமே பார்த்த படம். என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "சம்பந்தி, அந்த இடது கையை மட்டும் இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க," என்று சொல்லிவிட்டேன்.

இதோடு நின்றிருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். பெண்கள் பக்கத்திலிருந்து மெலிட்டா முக்காட்டோடு பாய்ந்து வந்தாள். சின்ன வயசிலிருந்து மண் மிதித்து, குடம் சுமந்து வளர்ந்த பெண் அல்லவா? பன்றியின் பின்னங்காலைப் பிடித்துப் புரட்டி, ஒரே தூக்காகத் தோளில் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டவளுக்கு அதை எங்கே இறக்குவது என்று தெரியவில்லை. நேரே தாழிக்கு முன்னால் போய் நின்று மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: "மாமா, இதை எங்க வைக்கட்டும்?"

சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பாக்கிஸ் அந்தப் பக்கம் விழுந்தான். விழுந்த பிறகும் சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. எவாகோன் மெலிட்டாவையே பார்த்துக்கொண்டு நின்றான், பன்றியை அல்ல. அர்க்கியாஸை நான்கு பேர் சேர்ந்து தாழியிலிருந்து உருவினோம். புதிதாகச் செய்து இன்னும் சுடாத சிலை மாதிரி இருந்தார். "இந்த வீட்டுல சம்பந்தம் கிடையாது! என் வம்சத்தையே அவமானப்படுத்திட்டீங்க!" என்று கத்திவிட்டு, கால் வைத்த இடமெல்லாம் களிமண் சொட்ட வெளியே போனார். பின்னாலேயே எல்லோரும் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து மெலிட்டா சாப்பிடவில்லை. "மாமாவைக் குத்திடப் போகுதேன்னு பயந்துதானேப்பா பிடிச்சேன். நான் பண்ணது தப்பா?" என்று கேட்கிறாள். என்ன சொல்வேன் அக்கா? தப்பு அவள்மேல் இல்லை. கையை மேலே தூக்கச் சொன்னவன் நான்தான். இருபத்திரண்டு வருஷம் ஒரு ராஜாவைப் பார்த்து ஊராரைச் சிரிக்க வைத்தவனுக்கு அவர் கொடுத்த தண்டனை என்று எடுத்துக்கொள்கிறேன். இனிமேல் நிஜமாகவே ஆந்தைதான்.

அத்தானுக்கு என் வணக்கம். ஏதீனா தாயார் உன் தறியைக் காக்கட்டும். பொசைடோன் உங்கள் படகைக் காக்கட்டும். இந்தச் சங்கதி எகினாவில் யாருக்கும் தெரிய வேண்டாம்.

உன் பாவப்பட்ட தம்பி,
தெல்லியாஸ்

பி.கு.: காற்று இல்லாததால் படகு இன்னும் புறப்படவில்லை. நல்லதாகப் போயிற்று. வேறு தாள் கைவசம் இல்லாததால் மேலே உள்ளதை அப்படியே விட்டிருக்கிறேன், படித்ததை மறந்துவிடு. சற்றுமுன் லைசில்லா அம்மாள் தனியாக வந்தார். வந்து உட்கார்ந்து அரை நாழிகை சிரித்தார். பிறகு, "முப்பது வருஷம்ணே. சோத்துக்கு உக்காந்தா ராஜா வம்சம், செருப்பைத் தொலைச்சாலும் ராஜா வம்சம். ஒரு நாள்கூட நான் சிரிச்சதில்ல. எனக்கு அந்த ஜாடிப் படம் போட்ட கிண்ணம் பன்னெண்டு வேணும். படத்துல பன்னியை உங்க பொண்ணு தோளுல போடுங்க. என் மகன் அவளைத் தவிர வேற யாரையும் கட்டமாட்டேன்னு நிக்கிறான். கல்யாணம் சொன்ன தேதியில நடக்கும்," என்றார். மெலிட்டா அடுக்களையில் மூன்றாவது ரொட்டியைத் தின்றுகொண்டிருக்கிறாள். நீயும் அத்தானும் உடனே படகு ஏறுங்கள். நான் தயங்கித் தயங்கி, "சம்பந்தி இதுக்குச் சம்மதிச்சுட்டாரா?" என்று கேட்டேன். "நான் கேட்டேன், அவரு தலையாட்டினாரு," என்றார் அந்த அம்மாள். "ரெண்டு காதுலயும் இன்னும் களிமண்ணு போகல."