முதுமலை வரன் வேண்டாம் என்பது பற்றி

ஜீயபுரம்,
12-6-1961

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் தங்கையன் அவர்களுக்கு, பிச்சமுத்து வணக்கத்துடன் எழுதுவது. காவிரித்தாய் புண்ணியத்தில் இங்கே வாழைத்தோட்டம் சௌக்கியம், மாடு கன்று சௌக்கியம், உங்கள் அக்காள் வெள்ளையம்மாள் மிகவும் சௌக்கியம். நான் மட்டும் இல்லை. வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருப்பதால், நான் சொல்லச் சொல்ல என் மகள் அமிர்தம் எழுதுகிறாள்.

விஷயம் இதுதான். தாய்மாமன் என்ற உரிமையில் நீங்கள் அமிர்தத்துக்குப் பார்த்த முதுமலைக் காட்டு ரேஞ்சர் வீரமலை நமக்கு வேண்டாம். பையன் வீட்டாருக்கு இந்த வாரமே நயமாக ஒரு கடிதம் போட்டுவிடுங்கள்.

மாப்பிள்ளை இருக்கிற இடத்தைப் பார்க்காமல் பெண் கொடுப்பது நம் வழக்கமில்லை அல்லவா? ஆகையால் நானும் உங்கள் அக்காளும் ரயிலிலும் பஸ்ஸிலுமாக ஒன்றரை நாள் குலுங்கி, இடுப்பு எது கழுத்து எது என்று தெரியாமல் அவர் குவார்ட்டர்ஸ் வாசலில் போய் இறங்கினோம். வெறுங்கையோடு போகலாமா? நம் தோட்டத்துப் பூவன் தார் ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். நன்றாகப் பழுத்து ஊருக்கே மணக்கிறது. பையன் சாக்கைப் பிரித்ததும் முகம் மாறிவிட்டது. "வழியில யாரும் பார்க்கலையே?" என்றார். "பஸ்ஸுல எல்லாருமே பார்த்தாங்க தம்பி" என்றேன். "நான் யானையைக் கேட்டேங்க" என்று சொல்லிவிட்டு, என் தாரை உள்ளறையில் வைத்துப் பூட்டினார். பெண் வீட்டார் கொண்டுபோன பொருளுக்கு இப்படி ஒரு மரியாதையை நான் எங்கும் கண்டதில்லை.

போகட்டும். காட்டில் உத்தியோகம் பார்க்கிறவர், நாளைக்குப் பேரன் பிறந்தால் கழுத்தில் கட்ட ஒரு ஜோடி புலிநகம் கிடைக்குமா என்று கேட்டேன். "அது புலிகிட்டதாங்க இருக்கு. அதுக்குத் தினமும் வேணும்" என்றார். வீட்டுச் சுவரில் ஒரு மான் கொம்பு உண்டா? ஒரு காலண்டர் தொங்குகிறது. கையில் துப்பாக்கிகூட இல்லை. நம் ஊர்த் தலையாரியிடமாவது தடி இருக்கிறது!

மறுநாள் காலை ஜீப்பில் காட்டைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார். பேசக் கூடாது, இறங்கக் கூடாது, தின்பண்டம் எதுவும் கூடாது என்று மூன்று முறை சொன்னார். உங்கள் அக்காள் மூன்று முறையும் தலையை ஆட்டினாள், முந்தானைக்குள் ஒரு சீப்புப் பழத்தை ஒளித்துக்கொண்டு. எப்போது அந்த அறையைத் திறந்தாளோ தெரியாது. ஓடைக்கரையில் ஒற்றைக் கொம்பன் நின்றது. அவள் இந்த வயது வரை ஸ்ரீரங்கத்துக் கோயில் யானையைத் தவிர வேறு யானையைப் பார்த்தவளா? பழத்தைக் கொடுத்துத் தலையைக் குனிந்து ஆசீர்வாதம் வாங்கியே பழக்கம். நான் கண் மூடித் திறப்பதற்குள் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, பழத்தை நீட்டியபடி கண்ணை மூடிக் குனிந்துவிட்டாள். அவளை இழுக்க நானும் இறங்கினேன். யானை காதை விரித்தது, துதிக்கையைத் தூக்கியது. "ஏங்க, தூக்கிடுச்சுங்க! இந்தக் கல்யாணத்துக்கு இதவிட நல்ல சகுனம் வேணுமா?" என்கிறாள். "அது வாசம் பிடிக்குதும்மா. பழத்தைப் போட்டுட்டு மெதுவா பின்னால வாங்க" என்கிறார் பையன்.

அவள் போடவில்லை. யானை வந்தது.

அடுத்து நடந்ததில் எனக்குக் கொஞ்சம் ஞாபகமில்லை. ஞாபகம் வந்தபோது நான் ஒரு மரத்தின் கவட்டையில் இருந்தேன். கீழே பார்த்தால், யானைக்கும் உங்கள் அக்காளுக்கும் நடுவில் அந்தப் பையன் வெறுங்கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். "போதும் சாமி, ஊருக்குப் புதுசு, தெரியாம வந்துட்டாங்க. நீ போ" என்று பக்கத்து வீட்டுக்காரரைச் சமாதானம் செய்வதுபோலப் பேசுகிறார். பத்தடியில் யானை நின்றது. மண்ணை உதைத்தது. பிறகு அவள் கைநழுவ விட்ட பழத்தை ஒன்று விடாமல் பொறுக்கிக்கொண்டு போயிற்று. இறங்கும்போதுதான் என் கை போயிற்று.

"ஒரு துப்பாக்கி வச்சுக்கக் கூடாதா தம்பி?" என்று கேட்டேன். "அது தண்ணி குடிக்க வந்துச்சு. வழியில நின்னது நாமதாங்களே" என்கிறார். இப்படி யானைக்காகப் பரிந்து பேசுகிறவருக்கு ஒரே மகளைக் கொடுத்துவிட்டு நான் இங்கே எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவேன்? மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடைப் பையன் இருக்கிறான். அவன் கடையில் பெரிய மிருகம் எலிதான். அமிர்தத்தையும் கேட்டேன், "உங்க இஷ்டம்ப்பா" என்று சொல்லிவிட்டாள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி. அரங்கன் உங்களையும், யானை நடமாடாத ஊர்களில் இருக்கும் எல்லோரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
பிச்சமுத்து
(இடது கையால் போட்டது)

பின்குறிப்பு: மாமா, இனி எழுதுவது அமிர்தம். கையெழுத்துப் போட்டுவிட்டு அப்பா தோட்டத்துக்குப் போய்விட்டார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைத்தான் விட்டேன். ரேஞ்சர் யானைக்கு முன்னால் நின்ற இடம் வந்ததும் அப்பா சொல்வதை நிறுத்திவிட்டார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "பெத்த மகன்கூட அப்படி நிக்கமாட்டாம்மா. கட்டுனவன் நானே மரத்து மேலதானே இருந்தேன்" என்றார். உடனே "இதை எழுதாதே" என்றார். அவருக்கு யானை மேல் பயமில்லை மாமா. ஒன்றரை நாள் தூரத்தின் மேல்தான் பயம். எனக்கும் அதை நினைத்தால் அழுகை வருகிறது. ஆனாலும் ஜவுளிக்கடை வேண்டாம். ஆவணியில் நாள் பாருங்கள், அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீங்கள் அம்மாவிடம் மட்டும் பேச வேண்டும். சீர்வரிசையோடு முதுமலைக்குக் கொண்டுபோக இப்போதே ஐந்து தார் ஒதுக்கி வைத்திருக்கிறாள்.