மாப்பிள்ளை செய்த டைமரும் நடுக்கதவும்

போடிநாயக்கனூர்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அருள்பாண்டி அவர்களுக்கு, மாமனார் ஈஸ்வரன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை அன்னக்கொடியும் சுகம். கோயம்புத்தூரில் நீங்களும் பானுப்பிரியாவும் சுகமாயிருக்கப் பரமசிவன் துணை இருப்பார். மோட்டாரும் சுகம்.

போன மாதம் விருந்துக்கு வந்தபோது நீங்களே உட்கார்ந்து ஈயம் பற்றவைத்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துக் கொடுத்த டைமரைப் பற்றித்தான் இக்கடிதம். குறை சொல்வதாக எண்ண வேண்டாம். மாப்பிள்ளை செய்த பொருளைக் குறை சொல்லும் பழக்கம் நம் குடும்பத்தில் இல்லை. உங்கள் அத்தை விடுவதும் இல்லை.

நான் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவதும், மாடித் தொட்டி நிரம்பிப் பக்கத்து வீட்டு அப்துல் சமது முற்றத்தில் கொட்டுவதும், ஏலத்துக்குத் தரம் பிரித்துப் பரப்பிய அவருடைய ஏலக்காய் நனைவதும் நீங்கள் அறிந்ததே. கடைசித் தடவை அவர் கத்தக்கூட இல்லை. "அண்ணே, இன்னொரு வாட்டி காய் நனைஞ்சுச்சு, நடுக்கதவுல ஆணி அடிச்சிருவேன்" என்று மெதுவாகச் சொன்னார். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் இருக்கும் அந்தக் கதவு வழியாகத்தான் அவர் மனைவி மைதீன் பீவி காய்ச்சும் நோன்புக் கஞ்சி இங்கே வருகிறது, நம் பொங்கல் அங்கே போகிறது. அதை மூடிவிட்டால் சாயங்காலம் பேச எனக்கு யார் இருக்கிறார்கள்? அதனால்தான் உங்களிடம் டைமர் கேட்டேன்.

பொத்தானை அமுக்கினால் மோட்டார் ஓடும், தொட்டி நிரம்பும் நேரத்துக்குத் தானே நிற்கும் என்றீர்கள். நீங்கள் இருந்தவரை அப்படியே நின்றது. நீங்கள் பஸ் ஏறிய மறுநாள் வெள்ளிக்கிழமை. மரியாதையில் நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை மாப்பிள்ளை. அத்தை மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஒவ்வொரு சாமானுக்கும், எறும்பு அளவு இருந்ததுக்குக்கூட, சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, குங்குமம் வைத்து, சூடமும் காட்டினாள். இவ்வளவு செய்தும் அதுக்கு என்ன கோவமோ, அமுக்குனா மோட்டார் ஒரு உறுமு உறுமிட்டு நின்னுபோகுது. மறுபடி அமுக்குனேன், மறுபடி நின்னுச்சு. "டைமர் சரியில்ல"ன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். "எம் மாப்ள செஞ்சதச் சொல்லாதீக, உங்களுக்கு அமுக்கத் தெரியல"ன்னு சமையக்கட்டுலருந்து சத்தம். அப்புறம் என்ன, மோட்டார் பக்கத்துலயே நாற்காலியப் போட்டு உட்கார்ந்து அமுக்கிக்கிட்டே இருந்தேன். முன்னெல்லாம் மோட்டாரை நிறுத்த மட்டும்தான் ஆள் வேணும். தானா நிக்கிற மிஷின் வந்த பிறகு ஓட்டவும் ஆள் வேணும்னு ஆகிப்போச்சு. கட்டைவிரல் வீங்கிருச்சு. கண்ணு பட்டிருச்சுன்னு அத்தை டப்பாவுல எலுமிச்சம்பழமும் மொளகாயும் கட்டிவிட்டா. இப்ப வர்றவுக எல்லாம் மோட்டார் ரூம் வாசல்ல செருப்பைக் கழட்டுறாக.

ஆகவே, உங்கள் மனம் நோகாதபடி, இன்று அத்தை சந்தைக்குப் போன நேரம் பார்த்து டப்பாவைக் கழற்றி மோட்டார் ரூம் மூலையில் பத்திரமாக வைத்துவிட்டு, பழையபடி வயரை நேராகச் சுவிட்சில் கொடுத்துவிட்டேன். எனக்கு ஞாபகசக்திக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. அடுத்த முறை வரும்போது அந்த மிஷினை எடுத்துப்போய், மறதி உள்ளவர்கள் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இதைக்கூட மோட்டாரைப் போட்டுவிட்டு, நிம்மதியாக உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

பானுப்பிரியாவுக்கு என் ஆசி. இருவரும் ஒருவரை ஒருவர் கடிந்து பேசாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, மனம் குளிர்ந்து நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
ஈஸ்வரன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது டொக் டொக்கென்று ஆணி அடிக்கும் சத்தம். ஐயோ, மோட்டார்! ஓடிப்போய்ப் பார்த்தால் சமது முற்றத்தில் காயெல்லாம் மிதக்குது. ஆனால் நடுக்கதவு திறந்தே கிடக்கு. சமது நம்ம மோட்டார் ரூமில் நிற்கிறார். மோட்டாரை நிறுத்திவிட்டு, டப்பாவுக்குள் இருந்த சந்தனத்தையெல்லாம் துணியால் துடைத்துவிட்டு, அதைச் சுவிட்சுக்கு மேலே மாட்ட ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார். "கொண்டாந்தது ஒரே ஆணிண்ணே. கதவுக்கா, இதுக்கான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாப்பிள்ளை, மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். சோலியைப் போட்டுவிட்டு வெரசா பஸ் ஏறி வந்து வயரை மாட்டிக் கொடுங்கள். இனிமேல் சந்தனம் வைக்க மாட்டோம். குங்குமம் மட்டும்தான் என்று, சந்தையிலிருந்து இப்போதுதான் திரும்பிய உங்கள் அத்தை சொல்லச் சொன்னாள்.