தகர டாக்டரின் புருவம்

எங்கள் கிடங்கின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியின் மகள் கல்யாணப் புகைப்படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் இருப்பவர்கள்: பெரிய கிராணி, அவர் மனைவி, மணமக்கள், மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேர், பின்வரிசை ஓரத்தில் இரவல் கோட்டில் நான். இல்லாதவர் ஒருவர்தான்: தகர டாக்டர். முந்தின நாள் மாலை அவர் அழையாமல் வந்திராவிட்டால், அந்தப் படத்தில் நிற்க எங்களில் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டோம்.

சிங்கப்பூரில் சாகாமலே ஆவியாக உலவிய மனிதர் அவர் ஒருவர்தான். அவருக்குப் புருவம் கிடையாது. ஒரு முடிகூட இல்லை. கோபமா, சிரிப்பா, பசியா என்று அந்த முகத்தைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. "சாப்பிட்டீங்களா?" என்று அவர் கேட்டால், கடைசிச் சாப்பாடா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும். எங்களைத் தீவுக்கு ஏற்றிச் செல்லும் மலாய்ப் படகோட்டி, தன் முகத்துக்கு எதிரே அவரை உட்கார விட்டதே இல்லை. முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். "ஹந்து" என்று மெல்ல முணுமுணுப்பார், மலாயில் பேய். டாக்டர் திரும்பாமலே, "ஆமாம் லா" என்பார்.

தீவில் எங்களுக்கு மண்ணெண்ணெய்க் கிடங்கு. சுமத்ராவில் எண்ணெய் காய்ச்சும் ஆலையிலிருந்து கப்பலில் வருவதை இரும்புத் தொட்டிகளில் இறக்கி, தகர டின்களில் அடைத்து, சயாமுக்கும் பர்மாவுக்கும் ரப்பர்த் தோட்டங்களுக்கும் அனுப்புவோம். இந்தப் பக்கத்து இருட்டுக்கெல்லாம் நாங்களே பொறுப்பு என்று எனக்கு ஒரு பெருமை. நான் சின்னக் கிராணி. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள். அச்சில் இருப்பது பொய் சொல்லாது என்று அந்த வயதில் திடமாக நம்பினேன்.

டாக்டருக்கு எழுத்தே தெரியாது. அவர் வேலை, ஒழுகும் டின்களைக் கண்டுபிடிப்பது. வைத்தியர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு டின்னையும் இரண்டு விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். "இதுக்குச் சளி." "இது நல்லா இருக்கு, அனுப்பு." "இது ராத்திரி தாண்டாது, மாத்து." மாத்து என்றால், உள்ளே இருக்கும் எண்ணெயை வேறொரு நல்ல டின்னில் ஊற்றி ஈயம் வைத்து அடைப்பது. எந்த டின் காலியாகக் கைக்கு அகப்படுகிறதோ, அதில்தான் ஊற்றுவார்கள். அந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

வெயில் இறங்கும் நேரத்தில் தொட்டிகளின் இரும்பு குளிர்ந்து சுருங்கும். டொக். சற்றுப் பொறுத்து இன்னொரு டொக். இது பௌதிகம் என்று எனக்குத் தெரியும், பள்ளியில் படித்திருக்கிறேன். ஆனால் டாக்டர் கையிலிருக்கும் டின்னைத் தட்டி அதற்குப் பதில் சொல்வார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"தொட்டி என்னண்ணே சொல்லுது?"

"வெளிய எத்தன பேர் இருக்கீங்கன்னு கேக்குது, தம்பி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரெண்டு பேர்னேன். உங்கள விட்டுட்டுச் சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கல்ல."

அதன்பின் ஒரு வாரம், வெயில் இறங்குமுன் நான் படகில் இருந்தேன்.

புருவம் போனது சுமத்ராவில். அங்கே எண்ணெயைக் காய்ச்சும்போது முதலில் ஆவியாகி வருவது பென்சீன் என்று துரைகள் சொல்லும் மெல்லிய எண்ணெய். விளக்கில் ஊற்றினால் வெடிக்கும். வாங்க ஆள் இல்லை. ஆகவே அந்த நாளில் அதைக் குழியில் விட்டுக் கொளுத்திவிடுவார்களாம். மண்ணெண்ணெய்க்கு ஆசைப்பட்டு எவ்வளவு காய்ச்சுகிறார்களோ, அவ்வளவுக்கு இதுவும் வந்துகொண்டே இருக்கும். குழிக்குத் தீ வைப்பது டாக்டரின் வேலை. ஒருநாள் அவர் குச்சியைக் கிழிக்குமுன்பே தீ அவரைத் தேடி வந்தது.

"அதுமேல எனக்குக் கோபம் இல்ல," என்பார். "பொறந்த உடனே கொளுத்தினா யாருக்குத்தான் ஆத்திரம் வராது? மண்ணுக்குள்ள எத்தனையோ காலமாக் கெடந்து, வெளிய வந்தா முதல்ல பாக்குறது என் மூஞ்சி. பாருங்க, ஒருநாள் அது நம்ம தெருவுக்கு வரும். அன்னிக்கு எல்லாரும் அதுகிட்ட கெஞ்சுவாங்க."

ஆண்டுதோறும் துரை எங்களிடம் ஒரு மதிப்பீடு கேட்பார்: வரும் ஆண்டில் உலகம் எவ்வளவு எண்ணெய் எரிக்கும், புதுத் தொட்டி வேண்டுமா, எந்த எண்ணெய்க்கு. உலகத்தின் தேவையை யாழ்ப்பாணத்துப் பெரிய கிராணி சொல்லச் சொல்ல, நான் முத்து முத்தாக எழுதுவேன். அந்த ஆண்டு அவர், "மண்ணெண்ணெய், தேவை கூடும். பென்சீன், தேவை இல்லை," என்று சொல்லி முடிக்கையில் வாசலில் டாக்டரின் நிழல் விழுந்தது.

"ஐயா, ரெண்டாவது சொன்னத அடிச்சிருங்க. தொட்டி கட்டுனா அதுக்குக் கட்டுங்க."

"ஏன் காணும், உலகத்திலை ஆர் வாங்கப்போறான் உந்த எண்ணெயை?"

"எனக்கு ஆளத் தெரியாதுங்க. ஆனா டின்னுக்குள்ள அது பொறப்படத் தயாரா இருக்கு. சத்தம் கேக்குது."

பெரிய கிராணி என்னைப் பார்த்து நெற்றியருகே விரலைச் சுழற்றினார். "விசர். நீ எழுதடா தம்பி. தேவை இல்லை."

எழுதினேன். ஊரில் அப்போது ஏழெட்டு மோட்டார் வண்டிகள் இருந்திருக்கலாம். அவற்றுக்கென்று கொஞ்சம் பென்சீன் டின்கள் கிடங்கின் கடைசி மூலையில் கிடந்தன. அவ்வளவுதான் உலகத் தேவை.

பெரிய கிராணி வீட்டுக் கல்யாணத்துக்குத் துரை நான்கு டின் மண்ணெண்ணெய் அன்பளிப்பாகக் கொடுத்தார். பொறுக்கி எடுத்தவன் நான். நசுங்காத டின்கள், மண்ணெண்ணெய் என்று அழுத்தமாக அச்சடித்தவை. இரண்டின் மேல் மட்டும் சுண்ணாம்புக் கட்டியால் யாரோ இரண்டு வளைந்த கோடுகள் கிறுக்கியிருந்தார்கள். மங்கல காரியத்துக்குப் போகும் டின் ஆயிற்றே என்று ஈரத்துணியால் துடைத்தேன்.

அழைப்பு கிடங்கில் எல்லோருக்கும் போயிற்று, டாக்டருக்கு மட்டும் போகவில்லை. புருவமில்லாத முகம் மணமேடைக்கு எதிரே வேண்டாம் என்று வீட்டுப் பெண்கள் சொல்லிவிட்டார்கள்.

சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் பந்தல். காற்று விளக்குகளை அணைக்காமல் இருக்க நாற்புறமும் துணி கட்டி அடைத்திருந்தோம். நாற்பது கண்ணாடி விளக்குகளுக்கும் நானே எண்ணெய் ஊற்றினேன். பாயிலும் மணலிலும் கொஞ்சம் சிந்தியது. கிடங்கில் ஆறு மாதம் இருந்தால் மூக்கு செத்துவிடும். மற்றவர்களுக்கோ மல்லிகையும் சாம்பிராணியும். நடுவில் தரையில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கு வைக்கும் நேரம். படித்த பையன் கையால் ஆகட்டும் என்று பெரிய கிராணி தீப்பெட்டியை என்னிடம் கொடுத்தார்.

"தம்பி, அதக் கிழிக்காதீங்க. பையில வைங்க."

துணியை விலக்கிக்கொண்டு டாக்டர் நின்றார். படகோட்டி வர மறுத்தாராம். "அப்ப உன் மூஞ்சியப் பாத்தே உக்காந்திருக்கேன்," என்றாராம் இவர். அந்தப் படகு அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு வேகமாக வந்ததில்லை.

பெரிய கிராணியின் முகம் கறுத்தது. "ஆர் காணும் உம்மை வரச்சொன்னது? நல்ல காரியம் நடக்கிற இடம்."

"யாரும் சொல்லலைங்க. ஆனா கூப்பிடாம இன்னொண்ணும் வந்திருக்கு." அவர் மண்டியிட்டு டின்னைத் தட்டினார், காதை வைத்தார். பிறகு குத்துவிளக்கைக் காட்டினார். "அங்க பாருங்க."

பார்த்தோம். காற்றே இல்லை, ஆனாலும் சுடர் விரல் நீளத்துக்கு வளர்ந்து நின்றது. அதன் தலைமேல் நீலமாக, இருக்கிறதா இல்லையா என்ற அளவில், ஒரு முக்காடு.

"அதுக்கு எழுந்து நடக்கத் தெரியாது. தரையோட தவழ்ந்து நெருப்பத் தேடும்," என்றார் டாக்டர், குழந்தையைப் பற்றிப் பேசுவதுபோல. "இப்ப விளக்குகிட்ட வந்துருச்சு. இன்னும் கொஞ்சம்தான். யாரும் ஓடாதீங்க. கொழந்தைங்களத் தூக்கிக்கிட்டு மெதுவாப் போங்க."

சமையல்காரரின் தண்ணீர்த் தொட்டியில் ஒரு சாக்கை நனைத்து எடுத்து வந்தார். கல்யாண வீட்டுக் குத்துவிளக்கை, ஈரச் சாக்கால், புருவமில்லாத ஒருவர் அணைத்தார். மணப்பெண்ணின் தாய் அப்படியே உட்கார்ந்து அழுதார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், "இனி இந்தச் சம்பந்தம் வேண்டாம்," என்று சால்வையை உதறித் தோளில் போட்டார். எனக்கும் சந்தேகம்தான். டின்னில் எழுத்து அவ்வளவு தெளிவாக இருந்ததே.

டாக்டர் விளக்குகளைக் குலுக்கிக் காதருகே வைத்துப் பார்த்தார். ஒரு விளக்கிலிருந்து எண்ணெயைச் சிரட்டையில் ஊற்றித் தெருக்கோடிக்குக் கொண்டுபோய் வைத்தார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, நீண்ட கழியின் நுனியில் தீயை வைத்து நீட்டினார். தீ சிரட்டையைத் தொடவே இல்லை. முழ தூரத்தில் இருக்கும்போதே எண்ணெய் எழுந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டது.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் சால்வையை மறுபடி மடித்துக்கொண்டு, "முகூர்த்தம் நாளைக்குக் காலமைதானே?" என்றார்.

"ஒழுகுன பென்சீன மாத்தி ஊத்துன டின்னுங்க, தம்பி," என்றார் டாக்டர் என்னிடம். "அடையாளம் போட்டு வச்சிருந்தேனே. ரெண்டு கோடு. சாயங்காலம் பாத்தா ரெண்டு டின்னையும் காணோம், அதான் ஓடி வந்தேன்."

"துடைச்சிட்டேண்ணே. கிறுக்கல்னு நெனச்சேன். என்ன கோடு அது?"

"புருவம். என்னோடது. அது எடுத்துக்கிட்டுப் போனதுதானே. எனக்குத் தெரிஞ்ச எழுத்து அது ஒண்ணுதான்."

அன்று விருந்து தேங்காயெண்ணெய் விளக்கில் நடந்தது. டாக்டர் சாப்பிடவில்லை, இரண்டு டின்களையும் தூக்கிக்கொண்டு படகுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை எடுத்த படத்தில் அவர் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

இப்போது தெருவைக் கடக்க மோட்டார் வண்டிகளுக்காகக் காத்து நிற்க வேண்டியிருக்கிறது. மின்விளக்கு வந்த வீடுகளில் மண்ணெண்ணெய் வாங்குவது குறைந்துவிட்டது. தீவில் கடைசியாகக் கட்டிய தொட்டி பென்சீனுக்குத்தான். "பென்சீன், தேவை கூடும்," என்று பெரிய கிராணி சொல்ல, எழுதியவனும் நான்தான். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார்.

கல்யாணம் முடிந்த வாரமே அவர் டாக்டரைக் கூப்பிட்டு, "என்ன வேணும், கேளும் காணும்," என்றார்.

"ஒரு போட்டோங்க. நாகப்பட்டணத்துல சம்சாரம் இருக்கா. வருசக் கணக்கா என்னப் பாக்கல. ஆனா இந்த மூஞ்சிய அனுப்புனா, செத்தவன் படம்னு நெனச்சு அழுவா."

சீனப் புகைப்படக்காரரிடம் போனோம். கண்ணாடித் தகட்டின் மேல் தூரிகையால் புருவம் வரைந்து தருவதாகச் சொன்னார். எந்த மாதிரி என்று கேட்டதற்கு, டாக்டர் மேசைமேல் சுண்ணாம்பால் இரண்டு வளைந்த கோடுகள் போட்டுக் காட்டினார். நான் துடைத்த அதே கோடுகள்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். 'கிழவனாகி விட்டீர்கள். புருவம் மட்டும் அப்படியே இருக்கிறது,' என்று எழுதச் சொல்லியிருந்தார் அந்த அம்மாள். டாக்டர் அதை ஐந்து தடவை படிக்கச் சொன்னார். அவர் சிரித்தாரா, அழுதாரா, அந்த முகத்தில் எனக்குத் தெரியவில்லை.

படத்துக்கு மூன்று வெள்ளி. பெரிய கிராணி கொடுத்தார். புருவம் ஒன்றுக்கு இருபத்தைந்து காசு. அதை நான்தான் கொடுப்பேன் என்று அடம்பிடித்து, இரண்டுக்கும் சேர்த்து எண்ணி வைத்தேன், ஐம்பது காசு.