எர்த் நானாவும் கரண்ட் இல்லாத இரண்டு வீடுகளும்

கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் படைத்தவனுக்கு அடுத்தபடியாகப் பூமியை நம்பிய ஒரே வயரிங்காரர் எர்த் நானாதான். ஊருக்கெல்லாம் அண்ணன் முறையில் அவர் நானா; சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். யாரைக் கண்டாலும் சலாமுக்கோ வணக்கத்துக்கோ அடுத்ததாக, "ஊட்டுல எர்த் ஈக்கா?" என்றுதான் கேட்பார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையிடமே கேட்டார். பெண் வீட்டில் விசாரித்துச் சொல்வதாக மாப்பிள்ளை வாக்களித்தார்.

ஹந்தானை அடிவாரத்தில் நான் வீடு கட்டியபோது அவரைத்தான் பிடித்தேன். மனைவிக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையோடு புது வீட்டுக்குத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டாள். நானா எர்த்துக்காக மண்ணுக்குள் செம்புக் கம்பி இறக்கினார். மீட்டர் பார்க்க வருகிறவர் யாரையும் கூப்பிடாமல் பார்த்துப் போகும்படி வெளிச்சுவரில் பெட்டி வைத்தார். கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் ட்ரிப் சுவிட்சைப் பொருத்தினார். எல்லாம் விதிப்படி. பிறகு அண்ணாந்து பார்த்தார்.

ரோட்டுக் கம்பத்திலிருந்து வரும் வயர், பக்கத்து வீட்டுச் செல்வராஜ் அண்ணனின் வளவுக்கு மேலால்தான் வர வேண்டும். அவர் சம்மதிக்காமல் கனெக்ஷன் கிடைக்காது. வேலித் தகராறில் நாங்கள் பேச்சை விட்டு வெகுகாலம். வேறு வழியே இல்லையா என்று நானாவிடம் கேட்டேன்.

"ஈக்கி. ஊட்டத் தூக்கி மத்தப் பக்கம் வைக்கணும்."

கடைசியில் அவரே தூது போனார். காலையில் போனவர் பகல் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொண்டு திரும்பினார். சம்மதம் கேட்க மறந்துவிட்டாராம். அந்த வீட்டு எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தார்களாம். குழாயோ எப்போதோ பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டதாம். ஆகவே மெயின் சுவிட்சை நிறுத்தி, ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இப்போது கரண்ட் இல்லாத வீடுகள் இரண்டாயின.

பின்னேரம் செல்வராஜ் அண்ணன் வேலியருகே வந்து நின்றார்.

"தம்பி, ஒங்க ஆளுகிட்ட கொஞ்சம் சொல்லுங்க. கம்பி இறக்குனாத்தான் ஃபியூஸ் தருவாராம்."

அவர் என் பேச்சையும் கேட்பதில்லை என்றேன். இருவரும் பெருமூச்சு விட்டோம். நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

மறுநாள் குழி தோண்ட அலவாங்கோடு வேலியைத் தாண்டிப் போனேன். கம்பியை நான் பிடித்துக்கொள்ள, சுத்தியல் செல்வராஜ் அண்ணன் கையில் இருந்தது. வேலித் தகராறை அந்த நிமிடமே தீர்த்திருக்கலாம். அவர் கம்பியைத்தான் அடித்தார். அது பாதி இறங்கியதும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஒங்க வயரு மேலால போனா எனக்கென்ன தம்பி, போகட்டும்" என்றார். பக்கத்தில் நின்ற நானாவோ, கம்பி சாய்கிறது என்று மட்டும் சொன்னார்.

கரண்ட் வந்தது. மகளும் வந்தாள். பிள்ளை பார்க்க வந்த நானா முதலில் தொட்டிலைப் பிளக்குக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்தினார். பிறகு ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினார். வீடு முழுக்க விளக்கணைந்தது; பிள்ளை வீரிட்டு அழுதது.

"நல்லா வேல செய்யிது" என்றார். சுவிட்சையா, பிள்ளையையா என்று தெரியவில்லை.

கைகளைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார். சொந்தக்காரர்களுக்கே பிள்ளையைக் கொடுக்கத் தயங்கிய என் மனைவி, அவர் கேட்குமுன்பே அவர் கையில் கொண்டுபோய் வைத்தாள்.