மனைவி குரலில் மனோவசியம்

இந்த விடுமுறைக்குச் சகலை வீட்டுக்குப் போவதில்லை. முடிவெடுத்துவிட்டேன். இடியே விழுந்தாலும் மாற்றமில்லை. அதை மனைவியிடம் சொல்ல வேண்டும் என்கிற சின்ன வேலை ஒன்றுதான் பாக்கி.

மனைவியின் அக்கா தங்கமானவர். அவர் வீட்டுக்காரர், அதாவது என் சகலை, அவரும் தங்கம்தான். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு, கூடவே நின்று சொந்த வீடு கட்டிய தங்கம். வருஷா வருஷம் நாங்கள் போய் இறங்கியதும், பையைக் கீழே வைக்கக்கூட விடாமல், கையில் டார்ச்சோடு என்னைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போவார். "சகல, இந்தக் குழாய் வளைவுல தண்ணி எப்படித் திரும்புது பாத்தீங்களா?" பார்த்திருக்கிறேன். எல்லா வருஷமும் ஒரே மாதிரிதான் திரும்புகிறது. குழாய் குழாயாகக் குனிந்து என் முதுகுதான் வளைந்துவிட்டது.

"நான் வரல" என்றால் முடிந்தது. நானோ கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்க ஊரையே அதட்டுகிறவன். வீட்டுக்கு வந்தால் அந்த வார்த்தை தொண்டை வரை வரும். மனைவி நிமிர்ந்து பார்ப்பாள். "என்ன, தண்ணி வேணுமா?" என்பாள். "ஆமா" என்று குடித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். விடுமுறை நெருங்க நெருங்க வயிறு முழுக்கத் தண்ணீர்தான்.

அதனால்தான் செல்போன் கடை மாடியில் மனோவசிய வைத்தியம் செய்யும் டாக்டரிடம் ரகசியமாகப் போனேன். சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தார்.

"கண் இமை கனக்குது..."

"இல்லையே சார், லேசாத்தான் இருக்கு."

"கை மரத்துப் போகுது..."

"அரிக்குது சார். சொறிஞ்சுக்கட்டுமா?"

டாக்டருக்கு வியர்த்துவிட்டது. "என் குரலுக்கு நீங்க அடங்க மாட்டேங்கிறீங்க. யார் சொன்னா உங்க உடம்பு மறுபேச்சில்லாம கேக்கும்?"

சொன்னேன்.

"அப்ப அவங்களையே கூட்டிட்டு வாங்க. நான் எடுத்துக் குடுக்கறேன், அவங்க சொல்லட்டும்."

"சார், எனக்கு இருக்கறதே அவ மேல பயம்தானே!"

"என்ன பயம்னு சொல்லவே வேணாம். 'அந்தப் பயம் போயிடுச்சு'ன்னு மட்டும் சொல்ல வைப்போம்."

ஆகா! மனைவியை வைத்தே மனைவி பயத்தை ஒழிப்பது! டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"எனக்கு லிஃப்ட்ல ஏற பயமா இருக்கு. வைத்தியத்துக்கு நீ வந்து நாலு வார்த்தை சொல்லணுமாம்."

"நம்ம வீடும் தரைத்தளம். உங்க கடையும் தரைத்தளம்."

"எல்லாம் அந்தப் பயத்தாலதான்!"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரி, வரேன்" என்றாள்.

மறுநாள் மத்தியானம் அதே நாற்காலி. "கண்ணை மூடுங்க" என்றாள் மனைவி. மூடிக்கொண்டது. "கையைத் தொங்கப் போடுங்க." தொங்கியது. "புரளாம தூங்குங்க." அவ்வளவுதான் தெரியும்.

விழித்தபோது உடம்பு பஞ்சாக இருந்தது. மனைவி என் சட்டைக் காலரை ஆசையாகச் சரிசெய்துகொண்டிருந்தாள். டாக்டர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"வீட்டம்மா பிரமாதமா பண்ணிட்டாங்க. எனக்கு வேலையே வைக்கல. கேள்வியெல்லாம்கூட அவங்களே கேட்டுட்டாங்க."

"என்ன கேள்வி?"

"எல்லாம் லிஃப்ட் பத்திதாங்க" என்றாள் மனைவி.

சாயங்காலம் வீட்டுக்குள் சிங்கமாக நுழைந்தேன். நெஞ்சில் துளி பயமில்லை. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு. லீவுக்கு எங்க போறதுன்னு நான் முடிவு பண்ணிட்டேன்."

"எங்கங்க?"

"உங்க அக்கா வீட்டுக்கு!"

எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான். ஆனால் ஆசை பொய்யில்லை. அந்தக் குழாய் வளைவை நினைத்தாலே மனசு குளிர்ந்தது.

"வேணாங்க. உங்களுக்கு முதுகுவலி. இந்த வருஷம் விட்டுடலாமே."

"முடியாது!" கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன முதல் முடியாது. "போறோம்னா போறோம். மறுபேச்சு பேசக் கூடாது!"

"நீங்க சொன்னா சரிதாங்க" என்று புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், ரொம்ப அதட்டிவிட்டோமோ என்று இருந்தது. இருந்தாலும் சந்தோஷம் பிடிபடவில்லை. ஜெயித்தவன் சும்மா இருப்பானா? சூட்டோடு சூடாகச் சகலைக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, லீவுக்கு அங்கதான் வரோம். இது என் முடிவு!"

"தெரியுமே சகல! மத்தியானமே மச்சினி போன் பண்ணிச்சு. 'அவர் இப்ப தூங்கிட்டு இருக்கார், சாயங்காலம் அவரே கூப்பிட்டு வரேன்னு சொல்லுவார்'னு."